மூன்று கிழமையில் திரும்பி வந்த அத்தியாயம்

அஸர் தொழுதுவிட்டு முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். கேற்றுக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வாப்பா இறங்காமல் அதிலேயே இருக்க, மகள் மட்டும் உள்ளே வந்தாள். நிந்தவூர்ப் பிள்ளை. முதுமாணி முடித்துவிட்டு ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். கையில் நாலாக மடித்த கடதாசி.

“மேடம், இந்த மூணு பேர்லயும் ஆரு பெரிய ஆள்?”

விரித்துப் பார்த்தேன். மூன்று பேராசிரியர்களின் பெயர். மூவரையும் எனக்குத் தெரியும். முதலாமவர் வெளிநாட்டு மாநாடுகளிலேயே பாதி வருடத்தைக் கழிப்பவர். இரண்டாமவரைத் தொலைக்காட்சியில் அடிக்கடி பார்க்கலாம். மூன்றாமவரின் பெயரைக் கடைசியில் சின்ன எழுத்தில், போனால் போகட்டும் என்பது மாதிரி எழுதியிருந்தாள்.

“பெரிய ஆளா இரிந்தா ஒனக்கு என்னகா லாபம்?”

“இல்ல மேடம், பிஎச்டி செய்யிறதெண்டா பெரிய ஆளுக்குக் கீழ செய்யொணும் எண்டுதானே எல்லாரும் செல்ற.”

வாப்பாவையும் உள்ளே வரச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனேன். அடுப்படியில் நின்றபடி நினைத்துக்கொண்டேன்: 2000ஆம் ஆண்டு நானும் இதே கேள்வியைத்தான் ஊரெல்லாம் கேட்டுத் திரிந்தேன். அப்போது எனக்குப் பதில் சொன்ன அத்தனை பேரும் பிழையாகச் சொன்னார்கள். கேள்வியே பிழை என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

எங்கள் ஊர்களில் ஒரு மாப்பிள்ளையை எப்படி விசாரிப்பார்கள் என்று மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரை உள்ள ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வீடும் வளவும் பெண் பக்கத்தால் கொடுக்கிற ஊர் இது. அதனால் விசாரணையும் கடுமை. பள்ளிவாசலடித் தேத்தண்ணிக் கடையில் கேட்பார்கள், அவன் வேலை செய்யும் கந்தோரில் கேட்பார்கள், கடன் இருக்கிறதா, கோபக்காரனா, வெற்றிலை போடுவானா என்பது வரைக்கும் போகும். அப்படிப்பட்ட நாங்கள் ஆறேழு வருடம் கூடவே இழுபடப் போகிற ஒரு சுப்பவைசரைத் தெரிவு செய்யும்போது மட்டும் “பெரிய ஆளா?” என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இந்தப் படிப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இலங்கையின் தகைமைச் சட்டகத்தில் பன்னிரண்டு படிகள் இருக்கின்றன. கலாநிதிப் பட்டம் பன்னிரண்டாவது, அதாவது கடைசிப் படி. முழுநேரமாகச் செய்தால் குறைந்தது மூன்று வருடம். தொழிலும் பிள்ளைகளுமாக இருந்துகொண்டு செய்பவர்களுக்கு அது ஐந்தாகும், ஏழாகும், சிலருக்கு முடியாமலே போகும். மற்றப் படிப்புகளில் விரிவுரை உண்டு, பாடத்திட்டம் உண்டு, கேள்வித்தாள் உண்டு. இதில் கேள்வியையும் நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும், பதிலையும் நீங்கள்தான் எழுத வேண்டும். துணைக்கு இருப்பவர் சுப்பவைசர் என்ற மேற்பார்வையாளர் ஒருவர்தான். சில இடங்களில் இருவர். அவர் உங்களுக்குப் படிப்பிக்க மாட்டார். உங்கள் கேள்வி ஒரு ஆயுளுக்குள் செய்து முடிக்கக்கூடியதுதானா என்று பார்ப்பார். நீங்கள் எழுதியதை வாசித்து, எங்கே இடறுகிறது என்று காட்டுவார். போதும், இனிக் கட்டி அனுப்பு என்று ஒரு நாள் சொல்வார். இதில் நடுவில் உள்ளது, அந்த வாசிப்பு, நடக்காவிட்டால் மற்ற இரண்டும் நடக்காது.

என் ஆய்வு எங்கள் பக்கத்துப் பெண்கள் பாடிய கவிகளைப் பற்றியது. மச்சானை நினைத்து, மச்சிக்குச் சொல்வது போல நாலு நாலு வரியாகப் பாடும் அந்தக் கவி. என் மூத்தம்மாவுக்கு நூற்றுக்கு மேல் பாடம். பெரிய ஆள் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பதிந்தேன். பல்கலைக்கழகத்தின் பெயரும் அவருடைய பெயரும் இங்கே வேண்டாம். கெட்ட மனிதர் இல்லை. என்னைக் கண்டால் சிரிப்பார், வீட்டு நலம் கேட்பார். 2001 ஜூன் மாதம் முதல் அத்தியாயத்தைக் கொடுத்தேன், 43 பக்கம். அது திரும்பி வரப் பதினொரு மாதம்.

அந்தப் பதினொரு மாதத்தில் மூன்று தடவை இரவு பஸ் ஏறிப் போனேன். செக்பொயின்ற்களில் இறங்கி ஏறி, மடியில் எருமைத் தயிர்ச் சட்டியை வைத்துக்கொண்டு போவேன். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகிற வழக்கம் நமக்கு இல்லையே. ஒரு தடவை மருதமுனைச் சாறன் ஒன்றும் கொண்டு போனேன். மூன்று சட்டித் தயிரும் அவர் வீட்டுக்குள் போய்விட்டது. அத்தியாயம் மட்டும் வெளியே வரவில்லை. கடைசியில் வந்தபோது முதல் பக்கத்தில் மட்டும் பேனையால் ஒரு வரி எழுதியிருந்தது: “நல்ல முயற்சி. விரிவாக்கவும்.” மற்ற 42 பக்கங்களும் நான் கொடுத்த மாதிரியே வெள்ளையாக இருந்தன. மூலையில் மடிப்புக்கூட இல்லை.

அதற்குப் பிறகு அவர் சபாட்டிக்கல் லீவில் வெளிநாடு போனார். அது அவருடைய உரிமை. ஏழு வருடம் வேலை செய்த பல்கலைக்கழக ஆசிரியருக்கு ஒரு வருடம் சம்பளத்தோடு அந்த லீவு உண்டு. பதிவதற்கு முன்னர் “சேர், இந்த மூணு நாலு வருசத்துல லீவு போற யோசின இரிக்கா?” என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். ஓய்வு வயதையும் இப்படித்தான் ஒருவரும் விசாரிப்பதில்லை. இலங்கையில் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 65இல் ஓய்வு பெறுகிறார்கள். 62 வயதுக்காரரிடம் பகுதிநேரமாகப் பதிகிறவர்கள் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் பிள்ளைகள் பலர் படிக்கப் போகும் இந்தியாவில் இதைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். அங்குள்ள பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, ஓய்வுக்கு மூன்று வருடத்துக்குக் குறைவாக உள்ளவர் புதிதாக ஆய்வு மாணவரை எடுக்க முடியாது. ஒரே நேரத்தில் பேராசிரியர் எட்டுப் பேர், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நாலு என்று எண்ணிக்கைக்கும் எல்லை இருக்கிறது. வெளிநாட்டு மாணவர் இருவரை அதற்கு மேலதிகமாக எடுக்கலாம். நம்மவர்கள் அந்தக் கணக்கில் வருவார்கள். எல்லையைச் சொல்லிவிட்டார்கள், சரி. எட்டுப் பேரின் அத்தியாயங்களையும் ஒரு மனிதர் எப்போது வாசிப்பார் என்பதை எந்த விதியும் சொல்வதில்லை. அதை நீங்கள்தான் அவருடைய மாணவர்களிடம் விசாரிக்க வேண்டும்.

சுப்பவைசரை மாற்றலாம் என்பதே எனக்கு 2003இல்தான் தெரியும். மாற்றினால் முடிந்தது, வைவா என்ற வாய்மொழிப் பரீட்சையில் பழி வாங்குவார்கள், கதை நாடெல்லாம் பரவும் என்று பயமுறுத்தினார்கள். காக்கா ஒருவர் தலாக்கோடு ஒப்பிட்டே பேசினார். நடந்தது என்னவென்றால், துறைத் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். அதில் ஒருவரையும் குறை சொல்லவில்லை. மேற்பார்வையாளர் வெளிநாட்டில் இருப்பதால் வேலை தாமதமாகிறது, இன்னாரின் கீழ் தொடர விரும்புகிறேன், அவரும் சம்மதித்திருக்கிறார் என்று மட்டும். பீடத்தின் ஒரு கூட்டத்தில் பத்து நிமிடத்தில் முடிந்தது. பழைய சேர் கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்கும் பாரம் குறைந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

புதியவர் வரலாற்றுக்காரர். கவியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று முதல் நாளே சொன்னார். எனக்கு மனம் விழுந்துவிட்டது. அதே 43 பக்கத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாவது கிழமை பதிவுத் தபாலில் திரும்பி வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பென்சில் எழுத்து. பதினேழாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது, அது இன்றைக்கும் எனக்குப் பாடம்: “இதைப் பாடும்போது இந்தப் பெண்ணின் கை என்ன செய்துகொண்டிருந்தது?”

என்னிடம் பதில் இல்லை. நூற்றுக்கணக்கான கவிகளைச் சேர்த்து, உவமை, உருவகம், எதுகை என்று பிரித்து அடுக்கி வைத்திருந்தேன். பாடியவளின் கையை நான் பார்க்கவில்லை. திரும்பவும் ஊர் ஊராகப் போனேன். சம்மாந்துறை வயலில் கதிர் பொறுக்கியபடி பாடியது, மருதமுனையில் தறிக்கு நூல் சுற்றியபடி பாடியது, பாய் இழைத்தபடி பாடியது என்று ஒவ்வொன்றும் தன் வேலையின் இழுப்புக்கு ஏற்ப வரியை நீட்டியும் குறுக்கியும் இருந்தது. என் ஆய்வேடு உண்மையில் தொடங்கியது அன்றைக்குத்தான். கவியைத் தெரிந்த ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். அவருக்கு அது தெரிந்த விசயம். தெரிந்ததைப் பற்றி ஆர் கேட்கிறார்கள்?

தன் துறை ஆளே வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு நான் சொல்லும் கதை பர்மிங்ஹாம் கதை. 1960களில் நம் நாட்டுத் தமிழறிஞர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் கலாநிதிப் பட்டத்துக்கு அங்கே போனார்கள். இருவருக்கும் வழிகாட்டி ஜோர்ஜ் தொம்சன். அவர் கிரேக்க மொழிப் பேராசிரியர், மார்க்சியர், ஐரிஷ் மொழியில் ஊறியவர். தமிழ்ப் பண்டிதர் அல்லர். சங்கப் பாட்டைத் தனியாக எடுத்துவைத்துப் பெருமை பேசாமல், கிரேக்க வீரப் பாட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இடம் அது. கைலாசபதியின் ஆய்வு தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய நூலாக 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் இருந்து வந்தது. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை எடுத்துக்கொண்டார். வழிகாட்டிக்கு மாணவனின் மொழி தெரியாததால் இருவரும் கெட்டுப்போகவில்லை. ஆனால் தொம்சனுக்குப் பண்டைய சமூகத்தையும் அதன் பாட்டையும் எப்படிச் சேர்த்து வாசிப்பது என்று தெரியும். அது தெரியாத ஒருவரிடம் போயிருந்தால் கதை வேறு. ஆகவே பாடம் தெரியாதவரிடம் போங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பாடத்தில் அவருக்குக் கேள்வி இருக்கிறதா என்று பாருங்கள்.

பட்டத்தைப் பார்த்து மயங்குபவர்களுக்கு இன்னொன்று. கல்முனையில் படித்த காரைதீவு மனிதர் ஒருவர் அண்ணாமலையில் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். விபுலாநந்த அடிகள். அவர் கலாநிதிப் பட்டம் செய்தவர் இல்லை. அவர் பேராசிரியராக இருந்த அதே இலங்கைப் பல்கலைக்கழகத்தில் படித்த பாணந்துறை ம. மு. உவைஸ் முஸ்லிம்களின் தமிழ்ப் பணியை முதுமாணி ஆய்வுக்கு எடுத்தார். அது 1953இல் நூலாக வந்தது. அந்த நாளில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்றால் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டவர்கள்தான் அதிகம். பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அதற்கென்று ஒரு இருக்கை வைத்து அவரையே அழைத்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். எங்கள் வீடு கடலில் இருந்து இருநூறு யார் தூரம். எங்கள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் மௌத்தானார்கள். இலங்கையில் ஆகக் கூடுதலாகப் போனது இங்கேதான். அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். ஆய்வைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முப்பத்தொரு கொப்பி, பதினெட்டுக் கசற், ஒரு கொம்பியூட்டர், எல்லாம் போனது. மூன்று மாதம் நான் அந்தப் பக்கம் நினைக்கவேயில்லை. ஏப்ரலில் சேரிடம் இருந்து ஒரு பார்சல் வந்தது. நான் அவருக்கு அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும், தன் பென்சில் குறிப்புகளோடு திருப்பி அனுப்பும் முன்னர் போட்டோ கொப்பி எடுத்து இரும்பு அலுமாரியில் வைத்திருந்திருக்கிறார். மேலே ஒரு துண்டு: “அவசரமில்லை. இருக்கிறது என்பது தெரிந்திருக்கட்டும்.”

பிறகு சந்தித்தபோது அவர்தான் எட்மண்ட் லீச்சின் கதையைச் சொன்னார். பர்மாவின் கச்சின் மலைகளில் களஆய்வு செய்த அந்த மானுடவியலாளர் உலகப் போரில் தன் குறிப்புகளையும் எழுதியதையும் இழந்தார். நினைவில் இருந்ததையும், நூலகத்தில் கிடைத்த பழைய பதிவுகளையும் வைத்து 1947இல் பட்டத்தை முடித்தார். அதே லீச் 1954இல் நம் நாட்டில் புல் எலிய என்ற கிராமத்துக்கு வந்து காணியும் உறவுமுறையும் பற்றி ஆராய்ந்தார். அவருடைய மாணவர் நூர் யால்மன் கண்டி மலைக் கிராமங்களோடு நிற்காமல் எங்கள் கிழக்குக் கரையின் தாய்வழிக் குடி முறையையும் எழுதியவர். ஆறுதலுக்காகச் சொன்ன கதை அது. ஆனால் எனக்கு ஆறுதலாக இருந்தது அந்த அலுமாரிதான்.

நம்மிடம் உள்ள பெரிய நோய் “சேர்” என்ற சொல். அதை விடச் சொல்லவில்லை. எனக்கும் விட முடியாது. அந்தச் சொல்லோடு கூடவே வாய் மூடிக்கொள்வதுதான் நோய். விளங்காவிட்டாலும் “ஓம் சேர்.” உடன்பாடில்லாவிட்டாலும் “ஓம் சேர்.” மலேசியாவில் படித்துவிட்டு வந்த மாணவி ஒருத்தி சொன்னாள், முதல் வருடம் முழுக்க அவள் ஓம் ஓம் என்று தலையாட்ட, அங்கிருந்த பேராசிரியை ஒரு நாள், “நீ ஒரு தடவையாவது இல்லை என்று சொன்னால்தான் நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்” என்றாராம். பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் பாரம். ஆண் சுப்பவைசரின் அறைக்குத் தனியாகப் போவதா, ஆர் கூட வருவது, என்ன பேசுவார்கள் என்று வீட்டில் கேள்வி. என் மாப்பிள்ளை கன்ரீனில் உட்கார்ந்து எத்தனை பிளேன்டீ குடித்திருப்பார் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். சேர் கேட்காமலே கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பேசுவார். இதையும் வெட்கப்படாமல் முன்கூட்டிக் கதைத்துக்கொள்ளலாம். தப்பான எண்ணத்தோடு நெருங்குபவரிடம் ஒரு நாளும் பொறுத்திருக்க வேண்டாம். பட்டம் போனால் போகட்டும்.

நான் கண்டுபிடித்த ஒரு பழக்கத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் பஸ்ஸில் இருந்தபடியே ஒரு பக்கம் எழுதுவேன்: இன்று இன்னின்ன பேசினோம், நான் இதைச் செய்கிறேன், நீங்கள் இதை இன்ன திகதிக்குள் பார்ப்பதாகச் சொன்னீர்கள். வீட்டுக்கு வந்ததும் அதைத் தபாலில் அனுப்புவேன், இப்போதென்றால் மின்னஞ்சல். ஆறு மாதம் கழித்து “நான் அப்படிச் சொல்லவில்லையே” என்று ஆரும் சொல்ல முடியாது, நானும் உட்பட. அத்தியாயத்தோடு மூன்று கேள்வியையும் சேர்த்து அனுப்புவேன். நாற்பது பக்கத்தை மொத்தமாகக் கொடுத்துப் “பாருங்க சேர்” என்றால் அது மேசையில் கிடக்கும். இன்ன இடத்தில் எனக்குச் சந்தேகம் என்றால் அந்த இடத்துக்காகவாவது திறப்பார்கள்.

குற்றம் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. மேசைக்கு இந்தப் பக்கம் வந்த பிறகுதான் தெரிகிறது, எட்டு மாதம் காணாமல் போய்விட்டு, ஆய்வேடு கொடுக்க வேண்டிய திகதிக்கு முதல் கிழமை ஐந்து அத்தியாயத்தோடு வந்து நிற்கும் பிள்ளைகளை. போனை எடுக்க மாட்டார்கள், வட்ஸ்அப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. எழுதவில்லை என்ற வெட்கத்தால் ஒளிந்துகொள்கிறார்கள். எழுதவில்லை என்று சொல்லவாவது வாருங்கள் என்றுதான் நான் கெஞ்சுவது.

தேத்தண்ணி குடித்து முடிந்ததும் அந்தப் பிள்ளை கேட்டாள், “அப்ப மேடம், நீங்களே என்னை எடுக்க ஏலாதா?”

“எனக்கு 65 வர இன்னும் நாலு வருசம்தான் இரிக்கி மகள். நீ படிப்பிச்சிக்கிட்டுச் செய்யப்போற. கணக்கு ஒத்து வராது.”

கடதாசியைத் திருப்பிக் கொடுத்து, மூன்று பேரின் பழைய மாணவர்கள் இரண்டிரண்டு பேரைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். முடித்த ஒருவர், விட்டுவிட்டுப் போன ஒருவர். விட்டுப் போனவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: நீங்க குடுத்த அத்தியாயம் எத்தனை நாள்ல திரும்பி வந்திச்சி, வரக்குள்ள அதுல என்ன எழுதியிரிந்திச்சி?

போன வாரம் வாப்பாவின் போனில் இருந்து எடுத்துச் சொன்னாள். சின்ன எழுத்தில் எழுதிய மூன்றாமவரிடம் பதியப்போகிறாளாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் என் மேசையில், இடது பக்கம், அக்கரைப்பற்று மாணவர் ஒருவரின் இரண்டாம் அத்தியாயம் கிடக்கிறது, 38 பக்கம். இன்றோடு இருபத்தாறு நாள்.